மூன்று வார்மர்களுக்கு வைத்த சீல்

ஜனவரி 11

மதிப்பிற்குரிய துணைச் செயலர் அவர்களுக்கு,

மாவட்ட அரசு மருத்துவமனையின் கருவி பழுதுபார்க்கும் பிரிவிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கள் துறையின் பதினேழாம் எண் சுற்றறிக்கையைக் கையில் பிடித்தபடி நேற்றுக் காலை மூன்று பேர் எங்கள் பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு வந்தார்கள். அங்கே ஓடிக்கொண்டிருந்த மூன்று வார்மர்களுக்கும் சீல் வைத்தார்கள். அவற்றுக்குள் இருப்பவை கம்பெனி செய்த மின்சுற்றுப் போர்டுகள் அல்ல, இங்குள்ள டெக்னீசியன் கையால் செய்தவை, சான்றிதழ் இல்லாதவை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த டெக்னீசியன் அடியேன். சுற்றறிக்கையின் அடியில் இருக்கும் கிறுக்கல் தங்களுடையது. என் கல்யாணப் பத்திரிகை உறைகள் முழுக்க விலாசம் எழுதிய கிறுக்கலை எனக்கு அடையாளம் தெரியாதா?

தாங்கள், தங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. போதும்.

டேய் தம்பி, உங்கள் கட்டிடத்தில் எத்தனை பேர் வார்மரைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? குறைமாதப் பிள்ளையால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதைக் கிடத்த ஒரு சின்னக் கட்டில், தலைக்கு மேலே சூடேற்றி, வயிற்றில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய ஒரு சென்சார். தோல் குளிர்ந்தால் சூடு கூடும், தோல் சுட்டால் சூடு குறையும். இதையெல்லாம் கவனித்துக்கொள்வது உள்ளங்கை அளவு போர்டு. வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக ஏழு வார்மர்கள் வந்தன. மூன்றே வருஷத்தில் ஏழும் படுத்துவிட்டன. கம்பெனிக்கு எழுதினேன். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நான்கு, எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் தூசி தின்றுகொண்டு கிடக்கின்றன. அவற்றின் பக்கம் உன் ஆட்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவற்றுக்குச் சான்றிதழ் இருக்கிறது, சான்றிதழோடு செத்துக் கிடக்கின்றன. மற்ற மூன்றையும் நான் பிழைக்க வைத்தேன். அதுதான் குற்றம்.

போன வருஷம் உன் துறையின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கை ஏட்டைப் பெருமையாக அனுப்பி வைத்தாய். நாலாம் அத்தியாயத்தின் தலைப்பு 'உள்நாட்டு ஆக்கங்களை ஊக்குவித்தல்'. ஊக்குவித்த வரைக்கும் போதுமடா சாமி.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். எதுவானாலும் எழுத்தில் கொடு. எழுத்தில் இருப்பதைத்தானே நீங்கள் எல்லாம் நம்புவீர்கள்.

இப்படிக்கு,
டெக்னீசியன்
(உன் அக்காவும்தான். அதற்குச் சீல் வைக்க முடியாது.)

* * *

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

பதினான்கு முறை போன் பண்ணினேன். கடைசியில் மாமா எடுத்தார். "மாப்ள, உங்க அக்கா பக்கத்துலதான் உக்காந்திருக்கா. ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றா" என்றார். பின்னால் நீ அதட்டுவதும் கேட்டது. சரி, எழுதுகிறேன்.

உன் மருத்துவமனையும் இதில் மாட்டும் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய். தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆய்வுக்காக ஓர் ஊருக்குப் போயிருந்தேன். ஒருவர் அலுவலக வாசலில் கைக்குழந்தையோடு நின்றிருந்தார். மனு கொடுக்க வந்தவர் என்று நினைத்தேன். கிட்டே வந்து குழந்தையைத் திருப்பித் துணியை விலக்கினார். முதுகு முழுக்கச் சூட்டுத் தழும்பு. பிறந்த மூன்றாம் நாள், வார்மரில் குப்புறக் கிடத்தியிருந்தபோது நடந்தது. யாரோ உள்ளூர் மெக்கானிக் பழுதுபார்த்த வார்மர். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "சார், இதை யார் சரின்னு சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டார். யாருமே சொல்லவில்லை, அக்கா. கேட்கவும் ஆளில்லை, சொல்லவும் ஆளில்லை. அந்தச் சுற்றறிக்கையை எழுதும்போது உன் முகம் என் நினைவுக்கு வரவில்லை. அந்த முதுகுதான் வந்தது.

உன் வேலை சுத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்காக விதியில் 'என் அக்கா நீங்கலாக' என்று எழுத முடியுமா?

உன் தம்பி

* * *

ஜனவரி 28

தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதிக்குக் காரணம் இருக்கிறது, கேள்.

சான்றிதழ் வாங்கு என்கிறாய். நியாயம். எங்கே போய் வாங்க? உன் சுற்றறிக்கையின் பின்னிணைப்பை எடுத்துப் பார். ஆறு ஆய்வகங்கள், ஆறும் வெளிநாட்டில். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கடலுக்கு அக்கரையில் வைத்திருக்கிறாய். கம்பெனிக்காரன் நீந்திப் போய் எடுத்து வருவான். நான் எப்படிப் போவேன்? இதைச் சுருக்கமாக 'செய்யாதே' என்று எழுதியிருந்தால் காகிதமாவது மிச்சமாகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை எங்கள் வார்டில் ஒரு கிலோ இருநூறு கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வார்மர் மூன்றும் சீலோடு நிற்கின்றன. பெரிய மருத்துவமனைக்கு வண்டியில் மூன்று மணி நேரம். எங்கள் பெரிய சிஸ்டர், முப்பது வருஷமாக இந்த வார்டைக் கட்டி ஆள்கிறவர், யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் தன் மார்போடு வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "மனுஷச் சூட்டுக்கு எந்தச் சர்டிபிகேட்டும் வேணாம், வண்டிய எடுப்பா" என்றார். நான் கையில் ஸ்குரூ டிரைவரோடு வாசலில் நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

உன்னை வருத்தப்படுத்த இதை எழுதவில்லை. வேறு யாரிடம் சொல்வேன்?

அக்கா

* * *

பிப்ரவரி 5

அக்கா,

அந்தக் குழந்தை என்ன ஆயிற்று? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே. உடனே எழுது. மாமாவிடம் கேட்டால் "எனக்கு எதுவும் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு" என்கிறார்.

சாவி விஷயம். நீ சொன்னது உறைத்தது. உண்மையை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பத்தியை நான் யோசித்து எழுதவில்லை. பணக்கார நாடு ஒன்றின் விதிப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தேன். அந்த நாட்டில் ஊருக்கு ஊர் ஆய்வகம் இருக்கிறது. விதியை எடுத்து வந்தவன் ஆய்வகத்தை எடுத்து வரவில்லை.

செயலரிடம் போனேன்.

"சார், பின்னிணைப்புல நம்ம நாட்டு லேப் ஒண்ணுகூட இல்ல."

"நம்ம நாட்டுல அப்படி லேப் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப எப்படிப் போடுறது?"

அவருக்கு விஷயம் அதோடு தீர்ந்துவிட்டது, அடுத்த பைலைத் திறந்துவிட்டார். எனக்குத் தீரவில்லை. எங்கள் கட்டிடத்துக்குப் பின்னால் எடை அளவு ஆய்வகம் இருக்கிறது. கடைத் தராசு சரியா, தெர்மாமீட்டர் சரியா என்று பார்க்கிற இடம். வெப்பத்தை ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். அங்கே தலைமையில் ஒருவர் இருக்கிறார். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். வார்மர் போர்டைச் சோதித்துத் தர முடியுமா என்று கேட்டேன். யாருடையது என்றும் சொன்னேன்.

"கொண்டாங்க. சொந்தக்காரங்க பொருள்னு இங்க வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. என்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

போர்டு ஒன்றை அனுப்பு. நீ எழுதி வைத்திருக்கும் நோட்டுகளையும் அனுப்பு. தேறும் அக்கா. எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

தம்பி

* * *

பிப்ரவரி 12

தம்பிக்கு,

முதலில், குழந்தை நன்றாக இருக்கிறது. பெரிய மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தபோது உடம்பு கதகதப்பாகவே இருந்ததாம். பெரிய சிஸ்டருக்குத்தான் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. உடனே எழுதாதது என் தப்பு. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். நீ பயந்துபோய்க் கேட்டதைப் படித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பார்சலில் போர்டு இருக்கிறது. சீல் வைத்ததை நான் தொடவில்லை. உதிரியாகச் செய்து வைத்திருந்த நாலாவது இது. வழியில் அடிபடாமல் இருக்க மாமாவின் நல்ல துண்டில் சுற்றியிருக்கிறேன், துண்டு திரும்பி வர வேண்டும். சென்சார், சூடேற்றி, நோட்டுகள் ஐந்து. தோல் சூடு முப்பத்தெட்டைத் தாண்டினால் மணி அடிக்கும்படி செய்திருக்கிறேன் என்று உன் கண்ணாடிக்காரரிடம் சொல்.

எனக்குப் பயமில்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

அக்கா

* * *

மார்ச் 3

அக்கா,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேறவில்லை.

வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையைக் குழந்தையாகப் பாவித்துச் சோதித்தார்கள். முதல் ஆறு நாள் எல்லாம் சரி. "கால் டிகிரிகூடப் பிசகல, யார் கை இது?" என்று கண்ணாடிக்காரரே பாராட்டினார். ஏழாம் நாள் பிளாஸ்திரியை உரித்து, சென்சாரைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார். சென்சார் அறைக் காற்றின் குளிரை அளந்தது. குழந்தை குளிர்ந்துவிட்டது என்று போர்டு நினைத்துக்கொண்டது. முழுச் சூட்டையும் திறந்துவிட்டது. அரை மணியில் பை நாற்பத்து மூன்று டிகிரி. உன் மணி அடிக்கவில்லை. சென்சார் தோலில் இருந்தால்தானே அடிக்கும்.

அந்த முதுகு விஷயத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்கிறார் அவர்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். அந்த எண் ஏற ஏற, கையை நீட்டி அணைத்துவிடலாமா என்று இருந்தது. இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். என் சுற்றறிக்கை சரி என்று காட்ட இதைச் சொல்லவில்லை. அப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேண்டாம்.

போனை எடு அக்கா. ஒரே ஒரு தடவை.

தம்பி

* * *

ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. உன் மேல் கோபம் இல்லை. உன் கடிதத்தைப் படித்த அன்று வார்டுக்குப் போய் அந்த மூன்று கட்டில்களுக்கு முன்னால் நின்றேன். நாலு வருஷமாக இவற்றில் பிள்ளைகளைக் கிடத்தியிருக்கிறோம். எத்தனை பிள்ளைகள்? யாருக்காவது ஏதாவது ஆகி, எனக்குத் தெரியாமலே போய்விட்டதா? சாப்பாடு இறங்கவில்லை. மாமா கேட்டதற்குப் பல்வலி என்றேன்.

பெரிய சிஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து வார்டுப் பதிவேடுகள் அத்தனையையும் எடுத்து மேசையில் போட்டார். மத்தியான வேளைகளில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். ஒன்பது நாள் ஆயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள்.

ஒன்றுக்குக்கூடத் தோலில் சூட்டுக் காயம் இல்லை, தம்பி. ஒன்றுக்குக்கூட இல்லை.

ஆனால் வேறொன்று இருந்தது. 'சென்சார் கழன்றது, திரும்ப ஒட்டப்பட்டது.' பெரிய சிஸ்டரின் கையெழுத்திலும் அவருக்குக் கீழே வேலை செய்பவர்களின் கையெழுத்திலும் முப்பத்தொரு இடத்தில் அந்த வரி. உன் கண்ணாடிக்காரர் ஏழாம் நாள் செய்தது இங்கே முப்பத்தொரு முறை தானாக நடந்திருக்கிறது.

"ஏன் சிஸ்டர் என்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லல?" என்று கேட்டேன்.

"பிளாஸ்திரி கழண்டா மெஷின் ரிப்பேர்னு யாரும்மா சொல்வா? ஒட்டிட்டு வேலையப் பாப்போம்."

"அதுக்குள்ள சூடு ஏறியிருந்தா?"

"எப்படி ஏறும்? பத்து நிமிஷத்துக்கு ஒருக்க ஒவ்வொரு பிள்ளையோட காலையும் தொட்டுப் பாக்காம இங்க யாரும் நகர மாட்டாங்க. நகந்தா நான் விட மாட்டேன். மெஷின் பாத்துக்கும்னு விட்டுட்டுப் போறதுக்கு நான் என்ன மெஷினா?"

அவர் ஏதோ சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார். நான் அந்தப் பதிவேட்டின் மேலேயே தலையை வைத்து அழுதேன். நாலு வருஷமாக என் போர்டு நன்றாக ஓடுகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஓட்டியது அவர்கள் கை. கடவுள் புண்ணியமோ சிஸ்டர் புண்ணியமோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன். புதுப் போர்டு இத்துடன் வருகிறது. சென்சார் காட்டும் எண் சட்டென்று சரிந்தால் உடனே மணி அடித்துச் சூட்டை அணைக்கும். அதையும் தப்பவிட்டால், பத்து நிமிஷம் முழுச் சூட்டில் எரிந்தும் தோல் சூடு ஏறவில்லை என்றால் தானே அணையும். திரும்ப ஓட்ட வேண்டுமானால் ஆள் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். பொத்தானைப் பிள்ளையின் கால் பக்கம் வைத்திருக்கிறேன். அழுத்துகிறவர் பிள்ளையைப் பார்க்காமல் அழுத்த முடியாது.

நீ சீல் வைத்தது நல்லதுதான். இதை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்தது. பத்திரமாக வைத்துக்கொள், இரண்டாம் முறை சொல்ல மாட்டேன்.

அக்கா

* * *

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

தேறிவிட்டது!

கண்ணாடிக்காரர் பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தார், அரைகுறையாக ஒட்டிப் பார்த்தார், சென்சாரை ஈரத்துணியில் சுற்றினார், கரண்ட்டை நிறுத்தி நிறுத்திக் கொடுத்தார். என்னைப் பார்த்ததும், "நாலு நாளா இத ஏமாத்தப் பாக்குறேன், ஏமாற மாட்டேங்குது" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சான்றிதழும் மாமாவின் துண்டும் இதோடு வருகின்றன. துண்டில் மை பட்டதற்கு ஆய்வகம்தான் பொறுப்பு.

இன்னொன்று. நேற்றுக் கூட்டத்தில் பதினேழாம் சுற்றறிக்கையைத் திருத்தினோம். பின்னிணைப்பை யோசிக்காமல் போட்டது என் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். யாரும் என்னைத் தின்றுவிடவில்லை. இனி மருத்துவமனையில் செய்த போர்டானாலும் நம் நாட்டு ஆய்வகத்தில் தேறினால் ஓட்டலாம். சான்றிதழ் இருந்தாலும் ஓடாத கருவியைக் கணக்கில் காட்டக் கூடாது. சென்சார் கழன்றால் அதை எழுதி வைத்தால் மட்டும் போதாது, டெக்னீசியனிடம் சொல்ல வேண்டும். கடைசி வரியில்தான் செயலர் பேனாவை நிறுத்தினார்.

"பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இது எந்த நாட்டு விதியில இருக்கு?"

"எங்கயும் இல்ல சார். ஒரு வார்டுல இருக்கு. நானூத்திப் பன்னிரண்டு குழந்தைங்கள அது காப்பாத்தியிருக்கு."

அந்த எண்ணை ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், ஆற அமரத் திட்டிக்கொள். ஐந்து மாவட்டங்களுக்கு ஒரு சோதனை மையம் வருகிறது. உங்கள் எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று கண்ணாடிக்காரர் சொன்னார், பொறுப்புக்கு உன்னையும் அவரே சொன்னார். நீ என் அக்கா என்று செயலரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் உன் மருத்துவமனைப் பொருளை நீ சோதிக்கக் கூடாது, அது இங்கேதான் வரும். மற்றவர்கள் பொருளுக்கு நீதான் நாட்டாமை.

போனை இப்போதாவது எடுப்பாயா?

தம்பி

* * *

ஜூலை 14

தம்பிக்கு,

போனில்தான் தினமும் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்பாய். சில விஷயங்கள் எழுதினால்தான் எனக்கே தெளிகிறது.

சீல் உடைத்தாகிவிட்டது. வைத்த அதே மூன்று பேர்தான் வந்து உடைத்தார்கள். கையோடு மூன்றிலும் புதுப் போர்டைப் பொருத்தினேன். அன்று சாயங்காலமே இரட்டைப் பிள்ளைகள். இரண்டு வார்மர் நிறைந்துவிட்டன. பெரிய சிஸ்டர் பிளாஸ்திரியை வேண்டுமென்றே கழற்றிப் பார்த்தார். மணி அடித்து, சூடு அணைந்தது. "பரவால்ல, கொஞ்சம் புத்தி வந்திருக்கு" என்றார். என்னைச் சொன்னாரா மெஷினைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குப் போயின.

எழுத வந்தது இது. மையத்துக்கு முதல் பொருளைக் கொண்டுவந்தவர் பக்கத்து மாவட்ட டெக்னீசியன். என் வயதுதான் இருக்கும். அவரே செய்த ஆக்சிஜன் அளவுக் கருவி. விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். பழைய பெட்டியில் பஞ்சு வைத்து, நகை மாதிரி கொண்டுவந்தார். ஐந்து நாள் சோதித்தேன். நல்ல வேலை தம்பி, அவ்வளவு நேர்த்தி. ஆனால் விரல் ஜில்லென்று இருந்தால் தப்பான எண்ணைக் காட்டுகிறது. குறைவாக இருப்பதைச் சரியாக இருப்பதாகக் காட்டுகிறது. அதுதான் ஆபத்து.

அவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, குளிர்ந்த விரலில் தப்புகிறது, தேறவில்லை என்று சொன்னேன். முகம் செத்துவிட்டது. "உங்க தம்பி மேல உக்காந்திருக்காரு, உங்களுக்குச் சுலபமா சான்றிதழ் கிடைச்சுது. எங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். டீயைத் தொடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் முதல் போர்டு தேறாமல் திரும்பியது என்று அவருக்குப் பின்னால் கத்திச் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நாலு நாள் எழுதிக் கிழித்தேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அதை நான் அப்போது நம்பவில்லை. இப்போது நம்புகிறேன்.

அது மூன்று வாரத்துக்கு முந்திய கதை. இனி அவர் வர மாட்டார் என்றே நினைத்தேன். பெரிய சிஸ்டரிடமும் சொல்லிப் புலம்பினேன்.

சற்று முன் கதவு தட்டும் சத்தம். அவர்தான். கையில் அதே பெட்டி. வணக்கம்கூடச் சொல்லவில்லை. மேசைமேல் பெட்டியை வைத்துத் திறந்தார், கருவியைத் திருத்திக் கொண்டுவந்திருந்தார். ஒரு கிண்ணத்தில் ஐஸ் தண்ணீர் வேண்டும் என்றார். கொடுத்தேன். விரலை அதில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "நீங்களும் உக்காருங்க. உங்க விரலையும் வைங்க. எங்க தப்புதுன்னு ரெண்டு பேருமாப் பாத்துருவோம்" என்கிறார்.

இடது கையை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு வலது கையால் இதை எழுதுகிறேன். விரல் மரத்துப்போய்விட்டது. துடைத்துக் கருவியை மாட்டினால் எண் தொண்ணூற்றேழு, சரியாகத்தான் காட்டுகிறது. இன்னும் நிறையச் சோதிக்க வேண்டும். ஆனால் இந்த முறை வரவழைத்த டீயை அவர் குடித்துவிட்டார்.

அக்கா